கல்வத்தும் திரும்பி வருதலும்

மக்கமா நகரின் வடகிழக்கே சில கல் தொலைவில், புல் பூண்டு அரிதாகிய கரடுமுரடான மலையொன்று நிமிர்ந்து நிற்கிறது. அதன் உச்சி கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 640 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஜபலுந் நூர், அதாவது ஒளிமலை என்பது அதன் பெயர். அம்மலையில் ஏறுவது ஹஜ்ஜின் கடமைகளுள் ஒன்றன்று. ஆயினும் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்லும் நம்மவருள் பலர், மூச்சு வாங்க வாங்க அதன் மீது ஏறி, ஹிராக் குகையைக் கண்டு மீள்கின்றனர். ஊர் திரும்பியபின் அவர்கள் சொல்லும் செய்திகளுள் ஒன்று நம்மை எப்போதும் சிந்திக்க வைப்பதுண்டு. குகை மிகச் சிறியது என்பதே அது. ஏறத்தாழப் பன்னிரண்டு அடி நீளம்; ஐந்தடிக்குச் சற்றே கூடிய அகலம். நம் ஊர்களில் நெல் கொட்டி வைக்கும் அறைகூட அதைவிடப் பெரிதாயிருக்கும்.

உலகின் வரலாற்றைத் திருப்பிய ஒரு தனிமைக்கு இவ்வளவு சிறிய இடம் போதுமானதாக இருந்தது.

இதனை இன்று நினைவுகூர ஒரு காரணம் உண்டு. மலைப்பாங்கான ஊர்களில் பணம் பெற்றுக்கொண்டு, சில நாட்கள் மக்களைப் பேசாமல் இருக்கச் செய்து, மரங்களிடையே நடக்கவிட்டு, தம் வாழ்வின் நோக்கத்தை எண்ணிப் பார்க்கும்படி வழிகாட்டும் இல்லங்கள் இப்போது பெருகிவிட்டன. கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நம் இளைஞருள் சிலரும் இவற்றை நாடிச் செல்கின்றனர். சென்று வந்தவர், "நம் மார்க்கத்தில் இப்படி ஒன்று இல்லையா?" என்று கேட்கின்றனர்.

இக்கேள்விக்கு நம் வீடுகளில் இருவகையான மறுமொழிகள் கிடைக்கின்றன. "இஸ்லாத்தில் துறவறம் கிடையாது, குடும்பத்தைப் பார்" என்று சிலர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகின்றனர். "வலிமார்கள் எல்லாம் காட்டிலும் மலையிலும் இருந்தவர்கள்தாமே!" என்று சிலர் உருகுகின்றனர். முதல் மறுமொழி வரலாற்றை மறைக்கிறது. இரண்டாவது, வரலாற்றின் பாதியை மட்டும் சொல்கிறது. சொல்லாமல் விடப்படும் மறுபாதி எது? தனித்திருக்கச் சென்றவர் திரும்பி வந்தார் என்பதுதான். கல்வத்தின் வரலாற்றை நாம் திரும்பிப் பார்க்கும்போது, சென்றவரைக் காட்டிலும் திரும்பி வந்தவரே நமக்குப் பாடமாகின்றார்.

ஹிராவும் இல்லமும்

'கல்வத்' என்னும் அறபுச் சொல்லுக்குத் தனிமை, தனித்திருத்தல் என்பது பொருள். நபிப் பட்டம் பெறுவதற்கு முன்னர் அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்குத் தனிமை விருப்பமாக்கப்பட்டது என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததை ஸஹீஹுல் புகாரியின் தொடக்கத்திலேயே காண்கிறோம். அவ்வறிவிப்பில் நாம் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்து செல்லும் ஒரு செய்தி இருக்கிறது. அண்ணலார் பல இரவுகளுக்கு வேண்டிய உணவைக் கட்டி எடுத்துச் செல்வார்கள். அது தீர்ந்ததும் கதீஜா நாயகி (ரலி) அவர்களிடம் திரும்பி வந்து, மீண்டும் அதுபோல் எடுத்துச் செல்வார்கள். ஆக, அந்தக் குகைக்கும் மக்காவிலிருந்த அந்த அடுப்படிக்கும் இடையே இடையறாத போக்குவரத்து இருந்திருக்கிறது.

இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு இன்னும் சில விவரங்களைத் தருகிறது. ஆண்டுதோறும் ஒரு மாதம் அவ்வாறு தங்குவார்கள். அப்போது தம்மிடம் வரும் ஏழைகளுக்கு உணவளிப்பார்கள். மாதம் முடிந்து இறங்கியதும், தம் வீட்டிற்குள் நுழையுமுன் கஅபாவை வலம் வருவார்கள். அதன்பின்னரே இல்லம் செல்வார்கள். இறைச்செய்தி வந்த அந்த ஆண்டில் அவர்களுடன் குடும்பத்தாரும் சென்றிருந்தனர் என்றுகூட அந்நூல் கூறுகிறது. மனிதரை வெறுத்து ஓடியவரின் தனிமையன்று இது. ஏழையின் பசியும் இல்லத்தின் உறவும் அதனுள் இடம் பெற்றிருந்தன.

கி.பி. 610-ஆம் ஆண்டில், அண்ணலாரின் நாற்பதாம் வயதில், 'ஓதுக!' என்னும் கட்டளை அக்குகையில் இறங்கியது. அந்தக் கணத்தில் அவர்கள் என்ன செய்தார்கள்? குகையிலேயே தங்கவில்லை, மற்றொரு மலைக்கும் செல்லவில்லை. இதயம் நடுங்க வீட்டிற்கு விரைந்தார்கள். போர்த்தும்படி கேட்டார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் போர்த்தினார்கள். நடுக்கம் தணியும்வரை இருந்தார்கள். பின்பு கேட்டறிந்து ஆறுதல் கூறினார்கள். அந்த ஆறுதலில் குகையைப் பற்றிய பேச்சே இல்லை. உறவினரை அரவணைப்பதும், சுமைப்பட்டவரின் சுமையைத் தாங்குவதும், விருந்தினரை உபசரிப்பதுமான அண்ணலாரின் நற்குணங்களையே அன்னையார் சான்றாக எடுத்துக்காட்டினார்கள். பின்னர் வயது முதிர்ந்த அறிஞராகிய வரக்கா இப்னு நவ்ஃபலிடம் அழைத்தும் சென்றார்கள். மலையில் கிடைத்தது உண்மைதான் என்பதற்கு வீட்டு வாழ்க்கையே சாட்சியாக நின்றது. இது எண்ணியெண்ணி மகிழத்தக்கதன்றோ?

பிரிவின் விலை

தனித்திருத்தலுக்கு நாற்பது என்னும் கணக்கு மூஸா (அலை) அவர்களின் வரலாற்றிலிருந்து வருகிறது. முப்பது இரவுகள் வாக்களிக்கப்பட்டு, மேலும் பத்தினால் அது நாற்பதாக நிறைவு செய்யப்பட்டதைத் திருமறை கூறுகிறது. பிற்காலத்து ஞானியர் நாற்பது நாள் தனிமையை அறபியில் 'அர்பஈன்' என்றும், பாரசீகத்தில் 'சில்லா' என்றும் அழைத்தது இதனை ஒட்டியே.

ஆனால் அந்த நாற்பது நாளில் மலையடிவாரத்தில் என்ன நடந்தது என்பதையும் திருமறை மறைக்கவில்லை. மூஸா நபி மலை ஏறுமுன் தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் தம்மிடத்தில் அமர்த்திவிட்டே சென்றார்கள். அவ்வளவு ஏற்பாடு செய்தும், அவர்கள் இல்லாத நாட்களில் மக்கள் காளைக் கன்றின் உருவத்தை வணங்கத் தலைப்பட்டனர். தலைவர் மலையில் இருக்கும்போது வீட்டில் என்ன நேருகிறது என்று கேட்பது தகாத கேள்வியன்று. வேதமே அக்கேள்வியைக் கேட்டிருக்கிறது. பிரிவுக்கு ஒரு விலை உண்டு. அதனைக் கொடுப்பவர் பெரும்பாலும் பிரிந்து சென்றவர் அல்லர், பின்னே இருப்பவரே.

இதனால்தான் போலும், மதீனத்து வாழ்க்கையில் அண்ணலார் தனித்திருத்தலை மலையிலிருந்து பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்து, ரமலானின் கடைசிப் பத்து நாட்களுக்குள் அமைத்தார்கள். இஃதிகாஃப் என நாம் அழைப்பது அதுவே. அவர்கள் இவ்வுலகைப் பிரிந்த ஆண்டில் மட்டும் இருபது நாட்கள் இருந்தார்கள். அந்நாட்களிலும் வீட்டுக் கதவு அடைபடவில்லை. ஒருநாள் இரவு அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் பள்ளிவாசலுக்கு வந்து, இஃதிகாஃபில் இருந்த அண்ணலாருடன் சிறிது நேரம் பேசியிருந்தார்கள். அவர்கள் எழுந்தபோது அண்ணலாரும் உடன் எழுந்து வாயில்வரை வந்து வழியனுப்பினார்கள். இறைவனோடு தனித்திருந்தவர், மனைவியின் வருகையைத் தொல்லையாகக் கொள்ளவில்லை.

ஸல்மானுல் ஃபார்ஸீ (ரலி) அவர்களின் நிகழ்ச்சியும் இங்கு நினைக்கத்தக்கது. தம் சகோதரராக இணைக்கப்பட்ட அபுத் தர்தா (ரலி) அவர்களின் இல்லம் சென்ற அவர், அவ்வீட்டு அம்மையார் அழகுபடுத்திக்கொள்ளாது வாடியிருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். கணவருக்கு இவ்வுலகில் நாட்டமில்லை என்று மறுமொழி வந்தது. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்த நண்பரை ஸல்மான் உணவுண்ணச் செய்தார். இரவின் முற்பகுதியில் உறங்கச் செய்தார். இரவின் இறுதியில் எழுப்பி இருவரும் சேர்ந்து தொழுதனர். இறைவனுக்கும், உடலுக்கும், குடும்பத்திற்கும் அவரவர்க்குரிய உரிமை உண்டு. ஒவ்வொருவருக்கும் அதைக் கொடுத்துவிடு என்று கூறினார். இதனைக் கேட்ட அண்ணலார், ஸல்மான் சொன்னது உண்மையே என்றார்கள். வணக்கத்தின் அளவை அறிய, ஸல்மான் முதலில் அவ்வீட்டுப் பெண்ணின் முகத்தைத்தான் பார்த்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

பக்தாதை விட்டு வெளியேறிய பேராசிரியர்

தனித்திருத்தலின் வரலாற்றில் தம் உள்ளத்தைத் தாமே திறந்து காட்டியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 1058-இல் தூஸ் நகரில் பிறந்த அவர், 1091-இல் பக்தாதின் நிஜாமிய்யாக் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்தார். அக்காலத்தில் ஓர் ஆலிம் எட்டக்கூடிய உயர்ந்த பதவி அது. நான்கே ஆண்டுகளில், 1095-இல், அவர் உள்ளத்தில் புயல் எழுந்தது. தாம் கற்பிப்பது எதற்காக? இறைவனுக்காகவா, புகழுக்காகவா? தம் நிய்யத்தைத் தாமே சோதித்துப் பார்த்தபோது அது தூயதாக இல்லை எனக் கண்டார். செல்வதா இருப்பதா என்று ஏறத்தாழ ஆறு மாதம் ஊசலாடினார். இறுதியில் நாவே கட்டுண்டது, வகுப்பில் ஒரு சொல்லும் பேச இயலவில்லை, உணவும் செல்லவில்லை. மருத்துவர்கள், இது உள்ளத்தில் விழுந்த நோய் என்று கைவிட்டனர். 'அல் முன்கிது மினள் ளலால்' என்னும் தம் நூலில் இவற்றையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கின்றார்.

மக்கா செல்வதாக வெளியே சொல்லிவிட்டு அவர் பக்தாதை நீங்கினார். செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார். ஆனால் தம் பிழைப்புக்கும் குழந்தைகளின் உணவுக்கும் போதிய அளவை எடுத்து வைத்த பின்னரே கொடுத்தார். இச்செய்தியை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். உலகை உதறும் நேரத்திலும் பிள்ளைகளின் சோற்றை உதற அவர் துணியவில்லை.

திமிஷ்கில் சிறிது காலம் இருந்தார். அங்குள்ள பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு பகல் முழுதும் தனித்திருப்பார். பின்னர் பைத்துல் முகத்தஸ் சென்றார். அங்கிருந்து ஹெப்ரானில் இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலம் சென்று, 1096-இல் மூன்று உறுதிகளை மேற்கொண்டார்: மன்னர்களின் அவைக்குச் செல்வதில்லை, அவர்களின் பொருளைப் பெறுவதில்லை, வீண்வாதம் புரிவதில்லை. இதுவன்றோ நிய்யத்து! "நல்லவனாவேன்" என்று பொதுப்படச் சொல்லாமல், தம்மைக் கெடுத்தவை எவை என்று கண்டு, அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்கினார்.

பின்னர் ஹஜ்ஜை நிறைவேற்றினார். மேலும் தனித்திருக்கவே அவர் விரும்பினார். ஆயினும் குழந்தைகளின் அழைப்பு தம்மைத் தாயகத்திற்கு இழுத்தது என எழுதுகின்றார். தூஸ் திரும்பி, குடும்பக் கவலைகளுக்கும் காலத்தின் இடையூறுகளுக்கும் நடுவே, கிடைத்த நேரத்தில் தனிமையைத் தொடர்ந்தார். இவ்வாறு ஏறத்தாழப் பத்தாண்டுகள் சென்றன. 1106-இல் நைசாப்பூர்க் கல்லூரியில் மீண்டும் ஆசிரியராக அமர்ந்தார்.

அது பழைய நிலைக்குத் திரும்புவதாகாதா? இக்கேள்வியை அவரே எழுப்பி விடையும் தருகின்றார். முன்பு பதவியைத் தேடித் தரும் கல்வியைக் கற்பித்தேன். இப்போது பதவியாசையைத் துறக்கச் செய்யும் கல்வியைக் கற்பிக்கின்றேன் என்பது அவ்விடையின் கருத்து. திரும்பிய இடம் ஒன்றே; திரும்பியவர் வேறொருவர். 1111-இல் அவர் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற 'இஹ்யா உலூமித்தீன்' நாற்பது பகுதிகளைக் கொண்டது. அதில் ஒரு பகுதி முழுவதும் தனித்திருத்தலைப் பற்றியதே. தனிமையின் நன்மைகளை மட்டும் அவர் அதில் அடுக்கவில்லை. தனிமையால் இழக்கும் நன்மைகளையும் எதிர்த்தட்டில் வைத்து நிறுத்துக் காட்டியிருக்கின்றார்.

வழிகாட்டியும் வரம்பும்

கஸ்ஸாலி இமாமுக்குப் பிந்திய நூற்றாண்டுகளில் கல்வத்து ஒரு முறையான பயிற்சியாக வகுக்கப்பட்டது. ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) அவர்களின் நெறியென எட்டு விதிகளை ஞானியர் போற்றி வந்தனர். எப்போதும் ஒளுவுடன் இருத்தல், நோன்பு, மௌனம், தனிமை, இடைவிடாத திக்ரு, ஷைகுடன் உள்ளத்தைப் பிணைத்தல், வந்து மோதும் எண்ணங்களை விலக்குதல், இறைவன் விதித்ததை மறுத்துரையாமை என்பவை அவை. இவற்றுள் ஷைகுடன் பிணைப்பு என்பது ஏன் வந்தது? தனிமையில் உள்ளம் தனக்குத் தானே கதை கட்டும். கனவை வெளிப்பாடென்றும், பசி மயக்கத்தை ஞானமென்றும் நம்பத் தூண்டும். அருகிலிருந்து "இது ஒன்றுமில்லை, எழுந்து தொழு" என்று சொல்ல ஒருவர் வேண்டும். வழிகாட்டியின் முதல் வேலை சீடரை வானில் ஏற்றுவதன்று, தரையில் நிறுத்துவதே.

ஷிஹாபுத்தீன் உமர் சுஹ்ரவர்தி (ரஹ்) அவர்கள் (1145-1234) தம் 'அவாரிஃபுல் மஆரிஃப்' நூலில் நாற்பது நாள் தனிமைக்கென்றே மூன்று இயல்களை ஒதுக்கியுள்ளார். அற்புதங்களைக் காணும் ஆசையோடு உள்ளே நுழைபவன் வழிதவறுவான் என்பதும், ஜும்ஆவையும் ஜமாஅத்தையும் கல்வத்தின் பெயரால் விட்டுவிடலாகாது என்பதும் அவர் விடுக்கும் எச்சரிக்கைகள். அறையில் தனித்திருப்பவனும் பாங்கொலி கேட்டால் வெளியே வந்து ஊராரோடு தோள் சேர்த்து நிற்கவேண்டும். தொழுகை வரிசையில் அவனும் ஒருவன்; அவ்வளவே.

நக்ஷபந்தி நெறியினர் இன்னும் ஒருபடி மேலே சென்று, கூட்டத்தின் நடுவே தனித்திருத்தல் என்பதைத் தம் அடிப்படை விதிகளுள் ஒன்றாகவே வைத்தனர். கை கடைத்தெருவில் இருக்க, உள்ளம் இறைவனிடம் இருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. சில்லாவைப் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றைத் தீர்த்து வைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதனைப் போற்றியவர்களே அதற்கு எத்தனை வேலிகள் இட்டனர் என்பதையே நாம் இங்கு காண்கிறோம்.

தமிழ் முஸ்லிம்களின் உள்ளத்தில் தனியிடம் பெற்ற முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் வாழ்வும் இதே வடிவில் அமைந்ததே. இராக்கின் பாழிடங்களிலும் பாலைகளிலும் அவர்கள் இருபத்தைந்து ஆண்டுகள் தனித்துத் திரிந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நாம் மௌலிதுகளில் உருகிக் கேட்பது அக்காலத்தைத்தான். ஆனால் 1127-இல் அவர்கள் பக்தாதில் மக்கள் முன் அமர்ந்து உரையாற்றத் தொடங்கி, 1166-இல் மறையும்வரை ஏறத்தாழ நாற்பதாண்டுகள் மக்களுக்கு நடுவிலேயே இருந்தார்கள். மணமுடித்து, மக்களைப் பெற்று, மதரஸா நடத்தினார்கள். காட்டில் இருந்த காலத்தைவிட ஊரில் இருந்த காலமே நீண்டது.

தமிழ் மண்ணில்

ஞானிகளின் தனிமைச் சுவடுகள் நம் மண்ணிலும் உள்ளன. அவற்றுள் ஒன்றை நாகூர்க் கடற்கரையில் காண்கிறோம். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஹுல் ஹமீது ஆண்டகை (ரஹ்) அவர்கள் நாற்பது நாள் தனித்திருந்த இடமெனப் போற்றப்படுவது அங்குள்ள சில்லடி. சில்லா என்னும் சொல் அப்பெயரிலேயே ஒலிக்கிறது. முன்னே அலை ஓயாத வங்கக் கடல். பின்னே மீனவர் குப்பங்கள். ஆண்டுதோறும் கந்தூரியின்போது ஒருவர் பீராக அமர்ந்து நோன்பிருப்பதும், பின்னர் அவர் ஊர்வலமாகக் கடற்கரைக்கு ஏகுவதும் இன்றும் வழக்கம். அந்நேரத்தில் கொட்டும் மேளமும் கூட்டமும் நிறைந்திருக்கும். அக்கூட்டத்தில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு, இவ்வளவு ஆரவாரத்தின் நடுவே நினைவுகூரப்படுவது ஒரு மௌனம் என்பதை யாரேனும் சொல்லிக் கொடுக்கின்றனரா? கந்தூரி நமக்குத் தெரிகிறது, கல்வத்து மறந்துபோயிற்று.

குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களின் வரலாறு இன்னும் அண்மையது. சுல்தான் அப்துல் காதிர் என்பது அவர்களின் இயற்பெயர். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, கீழக்கரையில் தைக்கா சாகிபு அவர்களிடம் கல்வி பயின்றார். பெரியோர் மாமன் மகளை மணமுடிக்கப் பேசினர், அவர் இசையவில்லை. இளமையிலேயே துறவு பூண்டார். திருப்பரங்குன்றத்தின் சிக்கந்தர் மலையில் நாற்பது நாள் தனித்திருந்தார். சதுரகிரி, நாகமலை முதலிய மலைகளிலும் காடுகளிலும் திரிந்தார். இறுதியில் சென்னை வந்து, அன்று புதர் மண்டிக் கிடந்த இராயபுரம் பகுதியில் தங்கினார். 1838-இல் அங்கேயே மறைந்தார்.

ஊர் திரும்பாத ஞானி இவர். நாம் இதுவரை சொல்லிவந்த கருத்துக்கு இவர் வாழ்வு மறுப்பாகுமா? ஒருவகையில் ஆகும், அதனை மறைக்க நாம் விரும்பவில்லை. அவர் குணங்குடிக்குத் திரும்பவில்லை. ஆயினும் அவர் மனிதரிடம் திரும்பினார். புதர்க்காட்டில் அமர்ந்தவரைத் தேடி மக்கள் வந்தனர். சாதி சமய வேறுபாடின்றிச் சீடர்கள் சேர்ந்தனர். அய்யாசாமி முதலியார் அவர் மீது பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் நான்மணிமாலை பாடினார். மலைகளில் தாம் பெற்றதை மஸ்தான் சாகிபு எளிய தமிழ்க் கண்ணிகளாக்கித் தந்தார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கூட அவற்றை மனப்பாடமாகப் பாடிவந்தனர். அவர் வீடு திரும்பவில்லை. அவர் பாட்டு ஒவ்வொரு வீட்டிற்கும் வந்து சேர்ந்தது.

ஆயினும் ஒன்று நம் உள்ளத்தை உறுத்தவே செய்கிறது. மணப்பேச்சு முறிந்த அந்த மாமன் மகளின் நிலை என்னவாயிற்று? ஞானியின் வரலாற்றைப் பக்கம் பக்கமாக எழுதிய நாம், அவளைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. ஞானியைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. எல்லாரும் மஸ்தான் ஆகிவிட முடியாது. மஸ்தானைப் பார்த்து ஆசைப்படுகிற சாமானியன், பின்னே நிற்கும் ஒரு முகத்தையும் பார்க்கவேண்டும் என்பதற்காகவே சொல்கின்றோம்.

இந்த இரு பக்கங்களையும் கீழக்கரை ஒரே குடும்பத்துள் பெயராகவே பொறித்து வைத்திருக்கிறது. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816-1898) மதரஸா நிறுவி, அறபுத் தமிழில் 'ஃபத்ஹுத் தய்யான்' முதலிய நூல்கள் எழுதி, இலங்கைக்கும் சென்று பள்ளிவாசல்கள் எழுப்பியவர். காதிரிய்யா நெறியின் ஷைகாகவும் விளங்கினார். அவர்தம் குடும்பத்தில் கல்வத்து நாயகம் என்று ஒருவரும், ஜல்வத்து நாயகம் என்று ஒருவரும் புகழ்பெற்றனர். கல்வத் என்றால் தனித்திருத்தல். ஜல்வத் என்றால் வெளிப்பட்டு மக்கள் முன் வருதல். உள்ளே இழுக்கும் மூச்சும் வெளியே விடும் மூச்சும் போல இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. ஒன்றை நிறுத்தி மற்றொன்றால் உயிர்வாழ இயலாது.

நம் வீட்டில் ஒரு மூலை

"நம் மார்க்கத்தில் இப்படி ஒன்று இல்லையா?" என்று கேட்ட இளைஞரிடம் இப்போது திரும்புவோம். இருக்கிறது, தம்பி! மலையும் இருக்கிறது, மௌனமும் இருக்கிறது, வழிகாட்டியும் இருக்கின்றார், நிய்யத்தும் இருக்கிறது. வானங்களும் பூமியும் படைக்கப்பட்டதையும், இரவும் பகலும் மாறி வருவதையும் எண்ணிப் பார்ப்போரைத் திருமறை அறிவுடையோர் என்று போற்றுகிறது. ஒரு விடியலில் கடற்கரையிலோ தோப்பிலோ தனித்தமர்ந்து உன் வாழ்க்கையை எண்ணிப் பார்க்க உனக்கு எவரும் தடை விதிக்கவில்லை. ஆனால் புறப்படுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள். எதற்காகச் செல்கிறாய்? யாரிடம் கேட்டுச் செல்கிறாய்? யாரிடம் திரும்பி வருவாய்? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையென்றால் அது கல்வத்தன்று, ஓட்டம்.

பெரியவர்களிடமும் ஒரு சொல் உண்டு. ரமலானின் கடைசிப் பத்தில் நம் பள்ளிவாசல்களில் இஃதிகாஃப் இருப்போர் பெரும்பாலும் வயது முதிர்ந்தோரே. ஹனஃபி மத்ஹபில் அது ஊரார் சார்பில் சிலரேனும் நிறைவேற்றவேண்டிய வலியுறுத்தப்பட்ட சுன்னத்து; ஷாஃபி மத்ஹபில் சிறிது நேரத்திற்கும் நிய்யத்து வைத்துக்கொள்ளலாம். பத்து நாள் இயலாத வேலைக்காரப் பிள்ளைக்கு ஓர் இரவேனும் பள்ளியில் தங்க வழி செய்தால் என்ன? அவனருகே ஓர் ஆலிம் அமர்ந்து, அவன் மனத்தில் உள்ளதைக் கேட்டால் என்ன? தூரத்து மலையில் அவன் பணம் கொடுத்துத் தேடுவது பெரும்பாலும் இவ்வளவே.

இறுதியாக ஒன்று. நம் இல்லத்து ஆடவர் பள்ளியில் அமர்ந்திருக்கும்போது நோன்பு திறக்கும் கஞ்சியும் ஸஹர் உணவும் வீட்டிலிருந்து வருகின்றன. ஹிராவுக்குச் சென்ற அந்த உணவின் தொடர்ச்சியே அது. அதனை ஆக்கி அனுப்பும் கைகளுக்குக் கல்வத்து எப்போது? காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் உண்டு. அங்கே அவர்கள் கூடித் தொழுகின்றனர், ஓதுகின்றனர். எல்லா ஊருக்கும் அது வாய்க்கவில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரு மூலை உண்டு. ஓர் இரவு குழந்தையைத் தகப்பன் தூக்கிக்கொண்டு, அடுப்பை மகன் பார்த்துக்கொண்டு, அந்த மூலையில் தாயை ஒரு நாழிகை தனித்திருக்க விட்டால், அதுவும் கல்வத்தின் வரலாற்றில் ஒரு பக்கமாகும்.

தனித்திருந்து தன்னை அறியவும், அறிந்ததை எடுத்துக்கொண்டு தன் வீட்டாரிடமே திரும்பி வரவும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.